நல்லா தூங்கியும் அசதி தீரலையா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எழுதும்போதே ஒரு அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். "ராத்திரி எட்டு மணிக்கே படுத்துடுறேன். காலையில எந்திரிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. வீட்ல சோம்பேறின்னு திட்டுறாங்க" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8 கிராம்தான். அவருக்கு இருந்தது சோம்பல் இல்லை, ரத்தசோகை.

உடம்பு முழுக்கப் பிராணவாயுவைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் எவ்வளவு தூங்கினாலும் அசதி போகாது. மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கும். பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமாவது வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கொக்கிப்புழு, எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் மீதியைச் சாப்பிடும் நம் பழக்கம் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

என்ன செய்யலாம்?

* முருங்கைக்கீரை, பயறு, கம்பு, கருவாடு சாப்பிடுவோம். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்போம். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.
* நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.
* ரத்தம் சரியாக இருந்தும் அசதி என்றால் தைராய்டு, சர்க்கரை பார்க்கணும். மனக்கவலை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லணும்.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லா உறுப்பினரும் ரத்தம் பார்த்துவிடுவது என்று தீர்மானம் எழுதுங்கள். கடன் பாக்கி எவ்வளவு என்று தெரிந்த நமக்கு, நம் ரத்தம் எவ்வளவு என்றும் தெரிய வேண்டாமா?