விண்மீன்களைப் பற்றிய படிப்பு

விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்லும் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வானம் புதியதன்று. ஊர் உறங்கும் வேளையில் விடிவெள்ளியைக் காண்பவர்கள் அவர்கள். அத்தகைய வீட்டுப் பிள்ளையொன்று, "நான் பல்கலைக்கழகத்தில் வானநூல் படிக்க விரும்புகிறேன்" என்று கூறுமானால் பெற்றோர் என்ன விடை சொல்வது? அது எத்தகைய படிப்பு, அதற்கு எப்பொழுது ஆயத்தம் செய்ய வேண்டும், கற்றபின் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். வானநூல் வேறு, சோதிடம் வேறு. பிறந்த நேரத்தையும் பலனையும் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதில்லை. விடிவெள்ளி உண்மையில் விண்மீனே அன்று. அது சூரியனைச் சுற்றும் வெள்ளி என்னும் கோள். சூரிய ஒளி பட்டு அது நமக்குத் தோன்றுகிறது. விண்மீன்களோ சூரியனைப் போலத் தம் ஒளியாலேயே ஒளிர்பவை. அவை எவற்றால் ஆனவை, எவ்வளவு வெப்பமுடையவை, எவ்வாறு தோன்றி எவ்வாறு முடிகின்றன என்பவற்றை ஆராயும் பகுதிக்கு வான்பௌதிகம் என்று பெயர்.

எட்டாத் தொலைவிலுள்ள ஒன்றன் வெப்பத்தை அறிவது எவ்வாறு? ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் விடியுமுன் வானத்தை நோக்கினால் திருவாதிரை என்னும் விண்மீன் செந்நிறமாகத் தெரியும். அதற்குச் சற்றுத் தொலைவில் ரைஜல் என்னும் விண்மீன் நீலங்கலந்த வெண்மையாகத் தெரியும். கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெண்மை கொள்வதை நாம் அறிவோம். விண்மீனும் அவ்வாறே. திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,500 பாகை. ரைஜலினுடையது ஏறத்தாழ 12,000 பாகை.

மேலும், ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியாகச் செலுத்தினால் அது பல நிறங்களாகப் பிரியும். அந்நிறங்களிடையே காணப்படும் கோடுகள், ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கைரேகை போன்றவை. 1868-ஆம் ஆண்டில் சூரிய ஒளியை ஆராய்ந்தபோது, பூமியில் அறிந்த எப்பொருளுக்கும் பொருந்தாத மஞ்சள் கோடு ஒன்று காணப்பட்டது. அது புதியதொரு தனிமத்தின் அடையாளம் என்று ஆங்கில அறிஞர் லாக்கியர் கருதினார். ஹீலியம் என்று பெயர் பெற்ற அத்தனிமத்தைப் பூமியில் கண்டுபிடித்தது 1895-ஆம் ஆண்டில்தான். பூமியில் காணுமுன்பே சூரியனில் ஒரு பொருளைக் கண்டறிந்தது இக்கல்வியின் ஆற்றலுக்குச் சான்றாகும்.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் முதல் நாளே தொலைநோக்காடியின்முன் அமர்வதில்லை. அவர் முதலில் கற்பது பௌதிகமும் கணிதமுமே. இயக்கவியல், வெப்பவியல், மின்காந்தவியல், அணுவியல் ஆகியவற்றுடன் நுண்கணிதமும் கணினியைக் கொண்டு கணக்கிடும் முறையும் பயில வேண்டும். அவ்வடிப்படையின்மேல்தான் வானநூல் எழுப்பப்படுகிறது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ஆம் ஆண்டில் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். 1930-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். எரிந்து முடிந்த விண்மீனின் இறுதி நிலை யாது என்பதைப் பயணத்தின்போதே கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையுடன் எஞ்சும் விண்மீன், வெண்குள்ளன் என்னும் நிலையில் நிலைத்திருக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. 1935-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற அறிஞரான எடிங்டன் லண்டன் அவையொன்றில் இம்முடிவை எள்ளி மறுத்தார். ஆயினும் கணக்கு நிலைத்தது. 1983-ஆம் ஆண்டில் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். கப்பலில் அவருக்குத் துணைநின்றவை தாளும் எழுதுகோலும், கல்லூரியில் கற்ற பௌதிகமும் கணிதமுமே.

நம் நாட்டில் இவ்வழியில் செல்ல விரும்பும் பிள்ளைக்குத் திருப்புமுனையாக அமைவது நான்காம் படிவம். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் அவ்வேளையில் பௌதிகமும் கூடுதல் கணிதமும் விடுபடலாகாது. "கடினமான பாடம், நமக்கு எதற்கு?" என்று அப்பொழுது கைவிட்டால், பின்னர் அக்கதவைத் திறப்பது அரிது. எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ இப்பாடங்களைத் தொடர்ந்து, பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையில் சேரலாம். உயர்நிலை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மொழிப் பயிற்சியும் தேவை. பணமில்லையென்று தளர வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

உண்மையை மறைத்தல் நன்றன்று. வானநூல் ஆராய்ச்சியாளர் ஆவதற்குப் பட்டம் பெற்றபின்னும் முதுகலை, முனைவர் பட்டம் எனப் பல்லாண்டுகள் பயில வேண்டும். அத்தகைய பதவிகளும் சிலவே. எனினும் கற்ற கல்வி வீணாவதில்லை. பௌதிகமும் கணிதமும் கணினியும் கற்றவர் ஆசிரியராகலாம்; தொழிற்சாலைகளிலும், துணைக்கோள் தொடர்பான துறைகளிலும், புள்ளிவிவரங்களை ஆராயும் அலுவலகங்களிலும் பணியாற்றலாம். இதனைப் பெற்றோரும் பிள்ளையும் அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

விடுமுறை நாளில் கோலாலம்பூருக்குச் செல்ல வாய்ப்பு நேர்ந்தால், 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதுவும் இயலாதோர் வீட்டு வாசலிலிருந்தே விடிவெள்ளியைக் காட்டலாம். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாமல், தெரியாதவற்றை ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்வோம். அன்றாடம் மாலையில் அதன் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறதா என்றும் பார்ப்போம். வானநூலுக்குச் செல்லும் வழி அப்புத்தகத்தில்தான் தொடங்குகிறது.