விதியிலிருந்து பிறக்கும் நிரல்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையிலே 'காடு' என்றால் மரமடர்ந்த கானகம் என்று எவரும் கொள்ளார். பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரி நிலமே அங்குக் காடு. 'காட்டை உழுதேன்' என்பான் உழவன். 'வண்டைப் பிடித்தேன்' என்பான் அவன் மகன். 'காடை உழுதேன்' என்று எழுத்தறியாதவரும் கூறார். காடை ஒரு பறவையன்றோ! அதனை உழுவது யாங்ஙனம்?

மாணவர்களே, இவ்வேறுபாட்டைக் கணினிக்கு அறிவிப்பது எவ்வாறு? ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே கட்டளை எழுதப் புகுந்தால் கை ஓய்ந்துவிடும். இலக்கணம் வல்லார் விதியை மட்டும் எழுதித்தர, அதனைக் கணினியே நிரலாக மாற்றிக்கொள்வது மற்றொரு வழி. 'ஃபோமா' என்னும் மென்பொருள் இத்தகையது. விதிகளையும் சொற்பட்டியலையும் பெற்று, சொல்லை ஆக்கவும் பகுக்கவும் வல்ல பொறியொன்றை அது அமைத்துத் தரும். இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சர்வேஸ்வரன் முதலிய ஆய்வாளர் அதனைக் கொண்டு தமிழுக்கு ஒரு சொற்பகுப்பி அமைத்து, 2021-இல் அதனை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இம்முறை இலக்கணத்திற்கே உரியதன்று. புனே நகரில் 1981-இல் தோன்றிய டாட்டா ஆய்வு நிலையத்தாரும் வணிக நடைமுறைகளின் மாதிரி வரைவிலிருந்து நிரல் பிறப்பிக்கும் கருவி கண்டனர்.

இனிச் சோதனையைக் காண்போம். 'டு' ஈற்றுச் சொல் ஐயுருபு ஏற்குங்கால் டகரம் இரட்டும் என்று ஒருவன் விதி எழுதினான் என்க. காடு 'காட்டை' ஆகும், மாடு 'மாட்டை' ஆகும், நன்று. வண்டோ 'வண்ட்டை' ஆகிவிடும்! பொறி விதியினின்றும் பிறழவில்லை; விதியே பிழை. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களுக்கே இவ்விரட்டல் உரியதென நன்னூலில் பவணந்தியார் வரையறுத்ததை அவன் விட்டுவிட்டான். வண்டு மென்தொடர்.

சோதனைக்குரிய விடைகளையும் அவ்விதியிலிருந்தே பிறப்பித்தால் யாது நிகழும்? விடையிலும் 'வண்ட்டை' என்றே இருக்கும். இரண்டும் ஒத்தலால் பொறி 'சரி' என்றுவிடும். தன் விடைத்தாளைத் தானே திருத்திய மாணவன் நூற்றுக்கு நூறு பெற்ற கதைதான். விடைத்தாள் திருத்தியே கண் மங்கிய எனக்கு இது புதிதன்று. அச்சோதனை முற்றும் வீண் என்பதற்கில்லை. விதியின்படி நிரல் அமைந்ததா என்பதை அது காட்டும். விதி மெய்யா என்பதைக் காட்டாது. அதற்கு விடைகள் வேறிடத்திலிருந்து வரல் வேண்டும். அந்த உழவன் மகனின் வாய்ச்சொல்லே போதும்.

பிழை கண்டபின் நிரலில் ஒட்டுப்போடலாகாது. அடுத்த முறை பிறப்பிக்கும்போது ஒட்டு அழிந்துபோம். விதியையே திருத்துதல் வேண்டும். திருத்தியபின் வண்டு 'வண்டை' ஆகும். அடுத்து 'மடு' என்னும் சொல்லை இட்டுப் பார்க்கலாம். 'மடுவை' என்று வந்தால் நன்று. 'மட்டை' என்று வந்தால் விதியேட்டை மீண்டும் திறக்க வேண்டியதே.