ட்வீட் ஆற்றங்கரையில் மலைச் சைக்கிள்

எடின்பரோவிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் பீபிள்ஸ். ஊரை உரசிக்கொண்டு ட்வீட் ஆறு அவசரமில்லாமல் போகிறது. இடுப்பளவு தண்ணீரில் ரப்பர் கால்சட்டையோடு நின்று யாராவது சால்மனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் பானையைக் கவிழ்த்தாற்போல உருண்டையான குன்றுகள், அவற்றின்மேல் ஆடுகள். கொடைக்கானல் மலைப்பாதையைப் பார்த்து வளர்ந்தவருக்கு ‘இதற்கா மலைச் சைக்கிள்?’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் நாள் மதியத்துக்குள் அந்த எண்ணம் போனது, கூடவே இடது முழங்கையில் கொஞ்சம் தோலும் போனது.

2023 ஆகஸ்டில் உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் மலைச் சைக்கிள் கிராஸ் கன்ட்ரி பந்தயங்கள் இங்கேதான் நடந்தன, பீபிள்ஸை அடுத்த கிளென்ட்ரெஸ் காட்டில். ஆண்களில் டாம் பிட்காக்கும் பெண்களில் பொலின் ஃபெரான்–பிரெவோவும் வென்றார்கள். அதே காட்டில் பத்து வயதுப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். எந்தப் பாதை யாருக்கு என்று தெரிந்துகொண்டு போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பீபிள்ஸுக்கு ரயில் கிடையாது, 1962-இல் நிறுத்திவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து எக்ஸ்62 பஸ் பீபிள்ஸ், இன்னர்லீதன் இரண்டு ஊர் வழியாகவும் போகும். சொந்தச் சைக்கிளை ஏற்றுவார்களா, அன்றைக்கு இடம் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுப்பது உத்தமம். சனி ஞாயிறு என்றால் முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம். எடுக்கும்போது சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கைப்பிடியில் ஒரு விசையை அமுக்கினால் சீட் கீழே இறங்குகிறதா என்றும் கேளுங்கள். இறக்கத்தில் அந்தச் சீட் வயிற்றில் இடிக்காமல் இருப்பது பெரிய நிம்மதி.

வந்த அன்றே காட்டுக்குள் போகாதீர்கள். பழைய ரயில் தடத்தையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். பீபிள்ஸிலிருந்து இன்னர்லீதன் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர், சமதளம். ஆற்றை ஒட்டியும் விலகியும் போகும். வாடகைச் சைக்கிளின் கியரும் பிரேக்கும் கைக்குப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கிளம்புமுன் பீபிள்ஸில் ஊர்ச் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று சால்மன்கள், ஒன்று நீரை எதிர்த்துப் போகிறது, மற்றவை நீரோடு வருகின்றன. ஒன்று எதிர்நீச்சல் போட்டு மேலே போனால் பல மீன்கள் பெருகித் திரும்பும் என்று பொருள் சொல்வார்கள். மறுநாள் ஏற்றத்தில் மூச்சிரைக்கும்போது அந்த ஒற்றை மீன் நிச்சயம் நினைவுக்கு வரும்.

கிளென்ட்ரெஸ், பீபிள்ஸிலிருந்து கிழக்கே 3 கிலோமீட்டர். வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. காப்பிக்கடை, சைக்கிள் கடை, கழிப்பறை எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. பாதைகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள்: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் இருபது வருஷம் சைக்கிள் மிதித்தவர் ‘எனக்கு எதற்குப் பச்சை?’ என்று நேரே சிவப்புக்குப் போய்விடுவார். மிதிக்கும் தெம்பை வைத்து மட்டும் நிறம் கொடுப்பதில்லை. கல், வேர், படிபோல விழும் பாறை, ஒத்தையடிப்பாதையின் குறுகல், அதைக் கடக்கத் தேவையான கைப்பழக்கம் எல்லாமே கணக்கில் சேரும். நீலத்தை இரண்டு தடவை சிரித்துக்கொண்டே முடித்தவர் சிவப்புக்குப் போகலாம். சிவப்பின் உச்சியிலிருந்து இறங்கும் ‘ஸ்பூக்கி வுட்’ பகுதிக்காகவே இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கறுப்புப் பாதையைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. அடிவாரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, போனவர்கள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்ததோடு சரி.

இனி என் முழங்கை. நம் ஊர்ச் சைக்கிளைப் போலவே அங்கும் வலது கையில் முன் பிரேக், இடது கையில் பின் பிரேக். அதனால் பழகிய கைதான். ஆனால் வாடகைச் சைக்கிள்களில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஒரு விரல் போதும். நான் பழைய பழக்கத்தில் நான்கு விரலாலும் பிடித்தேன், அதுவும் வளைவுக்கு நடுவில். வளைவுகளில் வெளிப்பக்கம் மண்ணைச் சாய்வாக அணைத்துச் சுவர்போல எழுப்பியிருப்பார்கள். அதில் சாய்ந்து போனால் சைக்கிள் தானாகத் திரும்பும். பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் நின்றுவிடும். நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். எனக்குப் பின்னால் வந்த பெண் நிறுத்தி, அடி பலமா என்று பார்த்துவிட்டுச் சொன்ன யோசனையை அப்படியே தருகிறேன். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். கண், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். சக்கரத்துக்கு முன்னாலுள்ள கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லின்மேல்தான் போய் ஏறுவீர்கள்.

இதைப் பழகிக்கொள்ளக் காட்டுக்குள்ளேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சின்னச் சின்ன மேடு பள்ளமும் வளைவும் கொண்ட வட்டப்பாதை. ஒரு மணி நேரம் அங்கே செலவழித்துவிட்டு மேலே போனால் அன்றைய பொழுது உங்கள் கையில்.

இன்னர்லீதன் வேறு ரகம். சரிவு செங்குத்து, ஆட்களும் கைதேர்ந்தவர்கள். முழங்கால் கவசமும் முகம் மூடிய ஹெல்மெட்டும் போட்டு டவுன்ஹில் இறங்குகிறவர்களைக் குறிப்பிட்ட நாட்களில் வேனில் ஏற்றி உச்சியில் விடுகிறார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும். டவுன்ஹில் வேண்டாம் என்றால் டிராக்வேர் சிவப்புப் பாதை இருக்கிறது. 567 மீட்டர் உயரமுள்ள மின்ச் மூர் குன்றை நோக்கி ஏறும். ஏற்றம் நீண்டது, சலிப்பும் தட்டும். மேலே போனதும் காடு விலகி, ஊதாப் பூப்பூத்த ஹெதர் புதர்கள் பரந்து கிடக்கும் (ஆகஸ்டில் போனால்). அங்கே பழைய வழித்தடத்தின் ஓரத்தில் ‘சீஸ் வெல்’ என்று ஒரு ஊற்று. அந்தக் காலத்தில் குன்றைக் கடக்கும் வழிப்போக்கர்கள் வனதேவதைகளுக்கு ஒரு துண்டு பாலாடைக்கட்டி போட்டுவிட்டுப் போவார்களாம், வழியில் தொந்தரவு வரக்கூடாதென்று. மலை ஏறுமுன் அடிவாரத்துக் கருப்பனுக்குச் சுருட்டு வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் சாண்ட்விச்சிலிருந்து நானும் கொஞ்சம் பிய்த்து வைத்தேன். இறக்கத்தில் விழவில்லை.

ஆற்றுக்கு இன்னர்லீதன் ஊர் இருக்கும் பக்கம், கோல்ஃப் மைதானத்துக்கு மேலே உள்ள சரிவுக்கு உள்ளூரில் ‘கோல்ஃபி’ என்று பெயர். உள்ளூர் ஓட்டிகள் தாங்களாகவே மண்வெட்டி எடுத்து வெட்டிய பாதைகள் அவை. வேரும் சேறுமாக இருக்கும். முதல் தடவை வருபவர்களுக்கு அல்ல.

2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் எவரும் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். அதற்காகக் காட்டிலாகா மூடிய பாதைக்குள் புகுந்துவிடாதீர்கள். இது மரத்துக்காக வளர்க்கும் காடு. வெட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும். புயலில் மரம் சாய்வதும் உண்டு, 2021 நவம்பரில் ஆர்வென் புயல் இப்பகுதியில் ஏராளமாகச் சாய்த்துப் போட்டது. கிளம்பும் அன்று காலை எது திறந்திருக்கிறது என்று காட்டிலாகா அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஆட்டு மந்தைக்குள் வேகமாகப் போகவேண்டாம். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: நனைந்தால் காயாது, குளிரில் தொடை விறைத்துவிடும். காற்றில்லாத கோடை மாலைகளில் ‘மிட்ஜ்’ என்ற பொடிக்கொசு மொய்க்கும்; வடக்கு மலைகளைவிட இங்கே குறைவு. அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. அது கடித்து லைம் நோய் வரலாம் என்பதால், குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள்.

உடம்பு வலிக்கிற மூன்றாம் நாளுக்கு டிராக்வேர் மாளிகை. ஸ்காட்லாந்தில் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் மிகப் பழையது என்பார்கள். அதன் பிரதான வாசலில் இரண்டு கல் கரடிகள் காவல் நிற்கின்றன. 1745-இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லி அந்த வழியாக வெளியேறியபின் சாத்திய கதவு. ஸ்டூவர்ட் ஒருவர் மறுபடி அரியணை ஏறும்வரை திறப்பதில்லை என்று வாக்கு, இன்னும் திறக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வழியாக உள்ளே போங்கள். குளிர்காலத்தில் அந்த வழியும் மூடியிருக்கும்.