‘நீயா பெத்துக்கப் போறே?’

கேள்வி:

கோவை காந்திபுரத்தில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஷோரூம் ஒன்றில் மூன்று வருடமாக சேல்ஸ்மேனாக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்கள். என் மனைவிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து ஜூன் 2-ஆம் தேதியிலிருந்து முசிறியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். டாக்டர் ஜூலை 28 என்று தேதி கொடுத்திருக்கிறார். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. திங்கள் ராத்திரி ஷட்டரை இறக்கியதும் பஸ் ஏறி, கரூரில் மாறி, குளித்தலைப் பாலம் தாண்டும்போது விடிகிற நேரமாகிவிடும். பகல் முழுக்க அவளோடு இருந்துவிட்டு ராத்திரி கிளம்பிவிடுவேன். மற்ற நாளெல்லாம் போன்தான். குழந்தை இன்றைக்கு எத்தனை தடவை உதைத்தது என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். “ஆடித் தள்ளுபடி நேரத்தில் யாருக்கும் லீவு கிடையாது. நீயா பெத்துக்கப் போறே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். போனால் திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னார். இந்த வருடத்தில் இதுவரை மூன்று நாள்தான் லீவு போட்டிருக்கிறேன்.

மனைவி பீளமேட்டில் 14 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும்மா, குழந்தை வளர்ந்ததும் பார்க்கலாம்” என்று அவள் முதலாளி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருக்கிறார். வாயால் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, லீவுக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். திடீரென்று ஆபரேஷன் என்றால் கணவன் கையெழுத்து வேண்டும் என்கிறார்களே, நான் பஸ்ஸில் இருந்தால் என்ன ஆகும்? இதை நினைத்தே எனக்குத் தூக்கம் போகிறது. அப்புறம், தெரிந்த ஸ்கேன் சென்டரில் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுச் சொல் என்று என் அம்மா ஆசைப்படுகிறார். சும்மா கேட்பதும் குற்றமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிறைந்த, நினைவோடு இருக்கிற ஒரு பெண்ணின் உடலில் செய்யும் அறுவைக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டால் போதும். கணவன் கையெழுத்து இல்லாமல் சிசேரியன் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிற்பாடு தகராறு வராமல் இருக்க மருத்துவமனைகள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்திருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். அவர் வயது வந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, கண் விழித்ததும் அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பெற்ற தாயின் சம்மதமே செல்லாது என்றால், பஸ்ஸில் இருக்கிற கணவனுக்காக அறுவையை நிறுத்திவைக்க என்ன அவசியம்? உயிர் ஆபத்து என்றால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் காப்பாற்ற வேண்டியது மருத்துவரின் கடமை.

அதனால் இந்தச் செவ்வாய் முசிறி போகும்போது ஒன்று செய்யுங்கள். அடுத்த செக்கப்புக்கு உங்கள் மனைவியும் மாமியாரும் போகும்போதே, “ஆபரேஷன் என்றால் நானே கையெழுத்துப் போடுவேன், என் வீட்டுக்காரர் கோவையில் இருக்கிறார்” என்று உங்கள் மனைவி மருத்துவரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லட்டும். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று சட்டம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

இனி லீவு. தனியாரிடம் வேலை பார்க்கும் ஆணுக்கு, அப்பா ஆகிறார் என்பதற்காகவே ஒரு நாளாவது விடுப்பு கொடு என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து. மத்திய அரசு ஊழியருக்கு 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின் 43-ஏ பிரிவில் 15 நாள் இருக்கிறது. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாத் தந்தையருக்கும் இது வேண்டும் என்று 2017-ல் மக்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கு வந்தது. மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் போனவர் குறித்த நாளில் திரும்பவில்லை என்று, பணியைவிட்டு ஓடியவராக அவரை அறிவித்துவிட்டார்கள். நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்து, தந்தையருக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்று வலியுறுத்தினார். அந்தத் தீர்ப்பை வைத்து நீங்கள் உங்கள் ஷோரூமில் லீவு கேட்க முடியாது. ஆனால் பிரசவ நேரத்தில் மனைவி பக்கத்தில் கணவன் இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் சின்ன விஷயமாக நினைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

உங்களுக்குக் கைகொடுப்பது வேறொரு பழைய சட்டம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25-ஆம் பிரிவு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. அது தவிர, உடம்பு சரியில்லாவிட்டால் 12 நாள். அதுவும் தவிர, ‘நியாயமான எந்தக் காரணத்துக்காகவும்’ 12 நாள். இந்த மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மனைவியின் தலைப்பிரசவம் நியாயமான காரணம் ஆகாது என்று தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் வாதாட எந்த மேனேஜருக்கும் வாய் வராது. நீங்கள் எடுத்த மூன்று நாளை இதில் கழித்தாலும் ஒன்பது நாள் பாக்கி. முதல் வகைப் பன்னிரண்டு நாளில் எதையும் தொடவில்லை என்றால் அதையும் சேர்த்து 21 நாள் உங்கள் கணக்கில் நிற்கிறது. தள்ளுபடி சீசனில் இந்தப் பிரிவு செல்லாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

வாயால் கேட்டதுதான் நீங்கள் செய்த தவறு. இப்போது எழுத்தில் கேளுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகூட முதல் கடிதத்தில் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“ஐயா, என் மனைவிக்கு ஜூலை 28-ஐ ஒட்டி முதல் பிரசவம் நடக்கும் என்று மருத்துவர் தேதி கொடுத்துள்ளார். அதற்கான சீட்டின் நகலை இணைத்துள்ளேன். ஜூலை 27 முதல் பத்து நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு வேண்டுகிறேன். பிரசவம் முன்பே நேர்ந்தால் அன்றே தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, விடுப்பை அந்த நாளிலிருந்து தொடங்க அனுமதிக்கவும். நான் இல்லாத நாள்களில் என் கவுண்டரைப் பார்த்துக்கொள்ள உடன் பணியாற்றுபவர் ஒருவர் சம்மதித்துள்ளார்.”

அந்தக் கடைசி வரி உண்மையாக இருக்க வேண்டும். யாரிடமாவது இன்றே பேசுங்கள். கடிதத்தை நிறுவன மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். அப்புறம் 25-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம், அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு. திரும்பி வர வேண்டாம் என்ற மிரட்டலுக்கும் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேல்முறையீடு உண்டு. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டால் அந்தத் தக்க காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும்.

ஒரு யோசனை, இது சட்டம் இல்லை. 21 நாளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடாதீர்கள். டாக்டர் கொடுத்த தேதியிலேயே எல்லாக் குழந்தையும் பிறப்பதில்லை. மனைவியும் பிள்ளையும் கோவைக்கு வந்து சேருகிற வாரமும், ஒன்றரை மாத ஊசி போட்டு ராத்திரி முழுக்கக் குழந்தை அழுகிற நாளும் இருக்கின்றன. அன்றைக்கு மாமியார் பக்கத்தில் இருக்க மாட்டார். நாலைந்து நாளை அதற்கு வைத்திருங்கள்.

மனைவியின் வேலையில் கவனமாக இருங்கள். எக்காரணம் கொண்டும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடக் கூடாது. இ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்ட பெண்ணுக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் முழுச் சம்பள அளவில் பணம் தருவது இ.எஸ்.ஐ. கழகம். முதலாளி பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. தான் ஆறு மாதம் சும்மா சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற பயத்தில்தான் ராஜினாமா கேட்கிறார்கள். இந்த ஒரு தகவலைச் சொன்னதும் நோட்டீஸ் வரை போகாமலே முடிந்த விவகாரங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சண்டையாக ஆரம்பிக்காமல் தகவலாக ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் தகுதி வந்துவிடும். இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு அது பிரச்சினை இல்லை. 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். ஜூன் 2-லிருந்து ஜூலை 28-க்குச் சரியாக எட்டு வாரம். ஆக, நவம்பர் 30 வரை அவருக்கு விடுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த 26 வாரம் அப்படியே தொடர்கிறது. மருத்துவச் சான்றோடு, ஜூன் 2 முதல் என்று குறிப்பிட்டு, விடுப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பட்டும். ராஜினாமா கேட்ட வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம், அது நல்ல சாட்சியம். இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி இல்லாத ஊரில் பிரசவம் நடந்தால் அதற்கென்று ஒரு தொகையும் கிடைக்கும். கிளை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் உங்கள் அம்மாவின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கேட்காதீர்கள். கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வாய்ச்சொல்லால் மட்டுமல்ல, சைகையாலும் வேறு எந்த விதத்திலும் கூடாது என்று தடுக்கிறது. சொல்கிறவருக்குத் தண்டனை உண்டு. அதற்காக நாடிப் போகிறவருக்கும் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு இப்படிப் பரிசோதனை நடந்தது என்று தெரியவந்தால், கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில். அம்மா சொன்னார் என்பது பதில் ஆகாது, அம்மாவும் வழக்கில் சேர்வார். பெண் என்று தெரிந்ததாலேயே கலைக்கப்பட்ட எத்தனையோ கருக்கள் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன. “நீயும் நானும் ஜூலை மாசம் சேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்மா” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பிறப்புப் பதிவு. குழந்தை முசிறியில் பிறந்தால் பதிவும் முசிறியில்தான், கோவையில் முடியாது. மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது செவிலியர் கொடுத்த பிக்மி எண்ணைக் கேட்பார்கள், அதை உங்கள் போனிலும் குறித்துவையுங்கள். பெயர் வைக்க அவசரம் வேண்டாம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

அதனால் ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். என்னிடம் வந்த ஒருவர், சான்றிதழில் தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அலைந்துகொண்டிருந்தார். பிறந்த அன்று படிவத்தை நிரப்பியது பக்கத்து வீட்டுக்காரராம். இந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் ஆதார் அட்டையையும் மனைவியின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பெயரையும் இனிஷியலோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, பிரசவத்துக்கு எடுத்துவைத்திருக்கும் பையில் போட்டுவிட்டு வாருங்கள்.