நட்பா, பழக்கமா? - ஒரு சிந்தனை

சென்னை-பெங்களூரு இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்துள்ள சிறு நிலையம் குடுபல்லி. அப்பகுதிக்கு ஒருமுறை சத்சங்கத்தின் பொருட்டுச் சென்றிருந்தபோது, தந்தை ஒருவர் பதினாறு வயது மகனை அழைத்து வந்தார். ஊர்த் திருவிழாவின்போது பையன் நண்பர்களுடன் குடித்துவிட்டானாம். "கெட்ட சகவாசம் சாமி, நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். பையன் தலைகுனிந்தவாறே சொன்னான்: "அப்பாவுக்குத் தம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் நான்தானே சாமி வாங்கி வருகிறேன்?"

தந்தை பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 62, 63-ஆம் சுலோகங்களை நாம் பலமுறை பயின்றிருக்கிறோம். மனிதனின் வீழ்ச்சி அங்கே படிப்படியாகக் காட்டப்படுகிறது. அதில் வரும் 'சங்கம்' என்ற சொல்லை நண்பர் கூட்டம் என்று கொள்பவர் உண்டு. அது பொருந்தாது. பொருளின்மீது மனம் கொள்ளும் பற்றே அங்கு சங்கம். அதற்கும் முந்தைய படி, அப்பொருளையே நினைத்துக்கொண்டிருத்தல். நண்பன் தம்ளரை நீட்டுவது பிந்தைய நிகழ்ச்சி. மகிழ்ச்சி என்றாலும் துயரம் என்றாலும் பெரியவர்கள் புட்டியைத் திறப்பதைப் பிள்ளை ஏழெட்டு வயது முதலே பார்த்து வருகிறான். திரைப்படக் கதாநாயகனும் அதையே செய்கிறான். முதல் மிடறு கசக்கத்தான் செய்கிறது. ஆயினும், தானும் ஆண்மகனாகிவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான்.

சட்டம் வேண்டியதே. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, மறு ஆண்டு சித்தூர் மாவட்டத்துக்கும் வந்தது, போர்க்காலத்தில் கைவிடப்பட்டது. 1995-இல் ஆந்திரம் முழுவதும் வந்த மதுவிலக்கு 1997-இல் நீங்கிற்று. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்னும் விதி இன்றும் உள்ளது. ஆனால் வீட்டுத் திண்ணைக்கு எந்த விதி?

இதே மனவியல் நல்வழியிலும் செயல்படும் என்பதற்கு நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா சான்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள், சீதம்மா என்பவளின் கதையைப் பாடமாகப் படித்தனர். குடியால் நொந்த ஓர் ஊரின் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடிய கதை அது. படித்ததையே பேசினர்; பேசியதையே நினைத்தனர்; 1992-இல் தங்கள் ஊர்க் கடையையும் மூடினர். ரோசம்மா போன்றோர் முன்னின்ற அவ்வெழுச்சி பரவி, 1993 அக்டோபரில் மாநிலமெங்கும் சாராயம் தடைசெய்யப்பட்டது. கூலிவேலை செய்து, இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் அவர்கள்!

நம் வளர் இளம் பருவத்தினருக்கு நினைப்பதற்கு நாம் எதைத் தருகிறோம்? நம் மையங்களின் குழந்தைகள் வகுப்பில் பத்து வயதுவரை கூட்டம் நிறைகிறது. பதின்மூன்றாம் வயதில் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர். "பொதுத்தேர்வு வருகிறது, சுவாமிஜி" என்று, பெரும்பாலும் பெற்றோரே நிறுத்திவிடுகின்றனர்.