மறந்த கடவுச்சொல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்ததும், கணினியின் முன் அமர்ந்து, "என் கடவுச்சொல் என்ன?" என்று விழித்த தோழியர் நம்மில் பலர். நானும் அவர்களுள் ஒருத்தியே. "பழைய சொல்லைப் பார்த்துச் சொல்லுங்கள், சிஸ்டர்" என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது" என்று அவர் சிரித்தார். அதன் பொருளைத் தேடி அறிந்ததே இக்கட்டுரை.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் கடவுச்சொல்லைப் புகுத்தினர். எல்லோருடைய சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. ஒரு நாள் தவறுதலாக அந்தக் கோப்பு, நுழைந்தவர் அனைவர்க்கும் தெரியும்படி வெளிவந்துவிட்டது!

இன்று அப்படி எழுதி வைப்பதில்லை. ஏற்காட்டில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. காப்பிக்கொட்டையை அரைத்தால் தூள் கிடைக்கும். தூளிலிருந்து கொட்டையை மீட்க முடியாது. அதுபோலக் கணினி நம் சொல்லைக் கணித முறையில் அரைத்து, தூளை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுமுறை நாம் தட்டும் சொல்லையும் அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது. ஆகவே, மறந்த சொல்லைக் கணினியிடம் கேட்டுப் பெற இயலாது. புதியதைத்தான் அமைக்க வேண்டும். அதற்கான வழிகள் வருமாறு:

1. பள்ளிக் கணினியில், நிர்வாகி கணக்கு உடையவர் புதிய சொல் அமைத்துத் தரலாம். அன்று சிஸ்டர் செய்தது இதுவே.

2. வீட்டு விண்டோஸ் கணினியில் தவறான சொல்லைத் தட்டினால், 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்னும் வரி தோன்றும். கணக்குத் தொடங்கியபோது எழுதிய மூன்று கேள்விகளின் விடைகளைத் தந்து மாற்றலாம்.

3. மைக்ரோசாப்ட் இணையக் கணக்கானால், கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொண்டு மாற்றலாம்.

4. உபுண்டு கணினியில், தொடக்கத்திலேயே 'ரெக்கவரி மோட்' சென்று, 'ரூட்' என்பதைத் தேர்ந்து மாற்றலாம்.

நான்காம் வழி பெரும்பாலும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கணினியின் முன் அமர்ந்த எவரும் அதைச் செய்யலாம்! இதைத் தடுக்க, வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டலாம். விண்டோஸின் 'பிட்லாக்கர்' அத்தகைய பூட்டு. அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். கடவுச்சொல்லோடு அதுவும் தொலைந்தால் உரியவர்கூடத் தம் கோப்புகளைப் பெற முடியாது. எனவே அதைத் தாளில் எழுதி, வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள்.

இவற்றைக் கற்றபின், தோழி ஒருத்தி தன் அக்காவின் கணினியைத் திறந்து தரும்படி கேட்டாள். எனக்கு வழி தெரியும். ஆயினும், "அக்காவிடம் கேட்டு வா" என்றேன். சில நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, "நீ செய்தது சரிதான்" என்றாள்.

தோழியரே! மறந்த சொல்லை மாற்றிக்கொள்ளலாம். இழந்த நம்பிக்கையை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது. பூட்டைத் திறக்கக் கற்போம். பிறர் பூட்டில் கை வைக்காதிருக்கவும் கற்போம்.