ஐப்பசி மழைக்கு முன்: பெரகல தரிப்பிடங்களில் இப்போதே செய்ய வேண்டியவை

புரட்டாசி முடியப் போகிறது. காலையில் வெயில், பகல் இரண்டு மணிக்கு மேல் இடி, பொழுது சாயக் கொட்டும் மழை என்ற கணக்கு இன்னும் சில நாளில் தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வடகீழ்ப் பருவ மழை. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்கள் பெரகல சந்தியில் குவிவதும் அப்போதுதான். தரிப்பிட வேலையை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

முதலில் கான். வேறு எதற்கும் காசு இல்லையென்றாலும் இதைச் செய்யுங்கள். சந்தியைத் தாண்டும் ஏ4 வீதி கீழே இறங்கிப் பொத்துவிலுக்கும் போகிறது. அங்கே கடலோரத் தரிப்பிடத்துக்கு எதிரி மணலும் உப்பும். மணலை அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே எதிரி தண்ணீர். மலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில், ஒடுங்கிய தட்டில்தான் வண்டி நிறுத்துகிறோம். மேலிருந்து வரும் தண்ணீர் கானில் போகாவிட்டால் நம் டயருக்கு அடியில்தான் போகும்.

கான் அடைபடுவதற்கு மண்ணை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. லொறிக்காரர் இறக்கத்தில் நிறுத்தும்போது டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்கிறார். போகும்போது அதை எடுத்துப் போடுவதில்லை. அடுத்து வருபவர் காலால் எத்த, கல் கானுக்குள் உருள்கிறது. அதன் மேல் சோற்றுப் பார்சல் தாள், அதன் மேல் கவ்வாத்து மிலாறு, பிறகு மண். போன வருடம் ஒரு மதகு வாயை மம்பட்டியால் இழுத்தபோது அடியில் கிடந்தது அப்படியொரு கல்தான். டயரின் கறுப்புத் தழும்புகூட அழியவில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு மரக்கட்டையை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கானில் அள்ளிய மண்ணைப் பள்ளத்து ஓரத்தில் குவிக்க வேண்டாம்.

அடுத்து ஒரு வாளித் தண்ணீரைத் தரிப்பிடத்தின் நடுவில் ஊற்றிப் பாருங்கள். மலைப் பக்கத்துக் கானுக்கு ஓடினால் நல்லது. பள்ளத்துப் பக்கம் ஓடினால் ஒவ்வொரு மழைக்கும் அந்த ஓரம் அரிபடும். கிராவல் போட்டு இடித்து இறுக்கி, வாட்டத்தை உள்பக்கம் திருப்புங்கள். வெறும் மண்ணைக் கொட்டினால் முதல் மழையிலேயே சேறு. பீலித் தண்ணீரில் வண்டி கழுவும் இடங்களுக்கும் இதே பரீட்சைதான்.

பள்ளத்து ஓரத்துக்கு இணையாக வெடிப்பு ஓடுகிறதா? தார் பூசி மறைக்காதீர்கள். இரு கரையிலும் பெயின்ற் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டு நாளில் அது கூடினால், அல்லது மேலே மரமோ கம்பமோ புதிதாகச் சரிந்திருந்தால், கயிறு கட்டி இடத்தை மூடிவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். சந்தியில் சேரும் ஏ4, ஏ16 வீதிகள் இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அவர்களுக்கும் தெரிவியுங்கள். இன்னும் நாலு வண்டி நிறுத்தலாமே என்று மலையடியை வெட்டி அகலப்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் இந்தப் பதுளை மாவட்டத்தில் சரிவில் கைவைப்பது மடத்தனம்.

மூடுபனிக்கு ஓரக் கற்களில் வெள்ளை பூசி, ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டினால் போதும்.

மழை தொடங்கிய பிறகு தோட்ட ஆபீஸில் மழைமானிக் கணக்கைத் தினம் கேளுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. மலையடியிலும் பள்ளத்து ஓரத்திலும் நிற்கும் வண்டிகளை எடுத்துவிடுங்கள். 100 என்றால் வெளியேற ஆயத்தம்; தரிப்பிடத்தை மூடுங்கள். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ, வண்டியை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேற வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன 2014 ஒக்டோபர் 29 இந்தப் பருவம்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததும் இந்தப் பருவம்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

தூரப் பயணத்து டிரைவர்கள் இரவில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள் தூங்குவார்கள். மழை அளவு அவர்களுக்குத் தெரியாது. தட்டி எழுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை.